பூட்டியவனே திறக்க வேண்டும்

வேலைக்குக் கிளம்புவதற்கு முன் ஆபரேட்டர் வீட்டின் பின்னறைக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தினார். பிரேக்கரைக் கீழே தள்ளினார். அது மறுபடி மேலே ஏறாதபடி ஒரு கிளிப்பை மாட்டினார். கிளிப்பில் தன் சிவப்புப் பூட்டைப் போட்டார். பூட்டிலிருந்து ஓர் அட்டை தொங்கியது. அதில் அவருடைய புகைப்படம். கீழே, ‘ஆபத்து. இயக்காதே. இந்தப் பூட்டை நான் மட்டுமே திறப்பேன்.’ சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பின்னறை அவர் மனைவியின் பட்டறை. அவள் பல் செட் செய்கிறவள். நகரத்துப் பல் மருத்துவர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அவள் மெழுகில் வடித்து, அக்ரிலிக்கில் வேகவைத்து, மெருகேற்றித் திருப்பி அனுப்புவாள். முந்தின நாள் மாலை ஒரு ஸ்க்ரூ டிரைவர் தேடி ஆபரேட்டர் அங்கே போனார். பாலிஷ் மோட்டாரின் மேல் கையை வைத்தார். விரல் நுனியில் மின்சாரம் எறும்புபோல் ஊர்ந்தது. எர்த் இல்லை. இன்றைக்கு எறும்பு. ஈரக் கையோடு தொட்டால் நாளைக்கு என்னவென்று சொல்ல முடியாது. சாயங்காலம் வந்து சரிசெய்ய வேண்டும். அதுவரை யாரும் தொடக் கூடாது.

பெட்டியை மூடினார். மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனம் வரவில்லை.

இருபது வருடங்களுக்கு மேல் அவர் கடலில் வேலை பார்த்தார். கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இரும்புக் கால்களில் நிற்கும் எரிவாயு மேடை அது. கடலடியிலிருந்து வாயுவை எடுத்து, தண்ணீரைப் பிரித்து, அழுத்தம் கூட்டிக் குழாயில் கரைக்கு அனுப்பும். இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் வீட்டில். மகள் பிறந்தது, பல் முளைத்தது, பள்ளி முடித்தது எல்லாம் இந்த இரண்டு வாரக் கணக்கில்தான் நடந்தன. சில அவருடைய வாரத்தில் விழுந்தன. சில விழவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் மேடையைக் காலி செய்தார்கள். விபத்து எதுவும் இல்லை. ஆட்கள் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். கடலடியில் கேபிள் இழுத்தார்கள். ஜெனரேட்டரைக் கழற்றிவிட்டுக் கரையிலிருந்தே மின்சாரம் கொடுத்தார்கள். வால்வுகளுக்கு மோட்டார் வைத்தார்கள். மனிதன் நடந்துபோய்ப் பார்த்த இடங்களில் கேமரா, மோந்து பார்த்த இடங்களில் சென்சார். மிச்சத்துக்கு நாலு கால் ரோபோ ஒன்று. வெடிக்கக்கூடிய பொருளின் மேல் கட்டில் போட்டு ஆட்களைத் தூங்கவைப்பதைவிட இது நல்லது என்று கூட்டத்தில் சொன்னார்கள். ஆபரேட்டர் ஒப்புக்கொண்டார். கையும் தட்டினார்.

இப்போது அதே மேடையை நகரத்தில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியிலிருந்து ஓட்டினார். கீழே வங்கி. எதிரே டயர் கடை. காலையில் போய் மாலையில் திரும்பினார்.

சொந்தக்காரர்கள் போன் செய்தார்கள். “இனிமேலாவது குடும்பத்தோட இருக்கலாம்” என்றார்கள்.

இருப்பதுதான் வரவில்லை. அவருக்கு வீட்டுக்கு வரத் தெரியும். வீட்டிலிருந்து போகத் தெரியும். நடுவில் இருக்கத் தெரியவில்லை. முதல் வாரம் சமையலறை டப்பாக்களுக்குப் பெயர் ஒட்டி அகர வரிசையில் அடுக்கினார்.

“உப்பு எங்கங்க?”

“உ-வில பாரு.”

மனைவி அவரைப் பார்த்தாள். “ஊருக்கெல்லாம் பல்லு கட்டறவ நான். என் வாயை மட்டும் கிளறாதீங்க.”

அடுத்த வாரம் எல்லா அறைகளிலும் புகை அலாரம் மாட்டினார். எண்ணெய் காயும்போதெல்லாம் வீடு அலறியது. கல்லூரிக்குப் போகும் மகள் ஒரு நாள் வந்து நின்றாள். “ஞாயித்துக்கிழமை எனக்குக் கார் வேணும்ப்பா. நீங்க எப்ப கிளம்பறீங்க?”

“எங்கே?” என்றார்.

மகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. போன வாரம் அவர் மொட்டைமாடியிலிருந்து காய்ந்த துணிகளோடு இறங்கிக்கொண்டிருந்தார். கீழே மனைவி தன் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

“விருந்தும் மருந்தும் மூணு நாளுன்னு சொல்லுவாங்கல்ல. நான் ரெண்டு வாரம் வரைக்கும் தாங்குவேன், எனக்குப் பழக்கம். அதுக்கு மேல மூச்சு முட்டுதுக்கா. எனக்குன்னு இருந்த ரெண்டு வாரம் எங்க போச்சுன்னே தெரியல.”

பிறகு சிரித்தாள்.

ஆபரேட்டர் துணிகளோடு மறுபடி மாடிக்கு ஏறினார். சற்று நேரம் கழித்துச் சத்தமாக இருமிக்கொண்டு இறங்கினார்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, ஆள் அனுப்பும் பிரிவின் மேடம் கூப்பிட்டார். ஆழ்கடலில் புதிதாக ஓர் உற்பத்திக் கப்பல் நிறுத்துகிறார்கள். கடல் அங்கே மிக ஆழம், இரும்புக் கால் எட்டாது. அதனால் கிணறுகளுக்கு மேல் கப்பலையே நங்கூரம் போட்டு நிறுத்திவிடுவார்கள். ஆளில்லாமல் அதை ஓட்டும் காலம் இன்னும் வரவில்லை. ஒரு மாதம் அங்கே, ஒரு மாதம் வீட்டில். அனுபவம் உள்ளவர் வேண்டும். பதில் இன்று மாலைக்குள் சொல்ல வேண்டும்.

மனைவியிடம் அவர் சொல்லவில்லை. அவள் இழந்த தனிமையை, அவள் கேட்காமலே புரிந்துகொண்டு கொடுத்துவிடுவதாக நினைத்தார். ஷிஃப்ட் முடியும்போது சரி என்று சொல்லிவிட வேண்டும். அந்த முடிவோடுதான் பிரேக்கரைப் பூட்டினார். போவதற்கு முன் அந்த மோட்டாரையாவது சரிசெய்துவிட்டுப் போகலாம்.

கன்ட்ரோல் ரூமில் ரேடியோ முன்பே வந்திருந்தான். மேடையில் தகவல் தொடர்பு பார்த்தவன். வாய் ஓயாது. அதனால் ரேடியோ.

“அண்ணே, உங்க பழைய சீட்ல யாரு உட்கார்ந்திருக்காங்க பாருங்க.”

திரையில் மேடையின் சாப்பாட்டு அறைக்கு வெளியே இருக்கும் பெஞ்சு தெரிந்தது. டீ கிளாஸோடு ஆபரேட்டர் உட்காரும் இடம். அதில் ஒரு கடற்பறவை உட்கார்ந்திருந்தது. கேமராவைப் பார்த்தது. பிறகு ஆர்வம் இழந்ததுபோல் தலையைத் திருப்பிக்கொண்டது.

“ஹெலிகாப்டர் தளத்தைப் பார்த்தீங்களா? வெள்ளையடிச்ச மாதிரி இருக்கு. அடுத்த மெயின்டனன்ஸுக்குப் போறவங்க வழுக்கி விழப் போறாங்க.”

“அதுங்க வீடு இப்ப அது.”

“ரெண்டே மாசத்துல பட்டா வாங்கிடுச்சுங்க.”

கதவருகில் ஓர் அலமாரி. மேடைக்குப் போகிறவர்களுக்கான கெட்டிப் பாதுகாப்புத் தொப்பிகள் அதில் அடுக்கியிருந்தன. பழகியவர்களுக்கு வெள்ளை. முதல் முறை போகிறவர்களுக்குப் பச்சை. எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும் முதல் முறை என்றால் பச்சைதான். பச்சையைக் கண்டால் மற்றவர்கள் ஒரு கண் வைத்துக்கொள்வார்கள். பச்சை எதையும் தானாகத் தொடக் கூடாது. கேட்க வேண்டும். கேட்பதில் அவமானம் இல்லை. அதற்காகத்தான் அந்த நிறம். இப்போது யாரும் போவதில்லை. தொப்பிகளில் தூசி படிந்திருந்தது.

ஷிஃப்ட் மாறிய சற்று நேரத்தில் ஓர் அலாரம் வந்தது. கம்ப்ரஸர் பக்கத்தில் வாயு கசிகிறதா என்று பார்க்கும் ஒளிக்கதிர். ஒரு கம்பத்திலிருந்து இன்னொரு கம்பத்துக்குப் போகும். நடுவில் வாயு வந்தால் சொல்லும். இப்போது வாயு என்று சொல்லவில்லை. எதுவுமே தெரியவில்லை என்று சொன்னது. எதுவோ மறைக்கிறது. பக்கத்துக் கதிரும் மறைந்தால் மேடை முழுவதும் தானாக நின்றுவிடும்.

“நாயை அனுப்பு” என்றார் ஆபரேட்டர்.

நாலு கால் ரோபோவுக்கு ஏதோ நீளமான பெயர் உண்டு. யாரும் சொன்னதில்லை. ரேடியோ அதைப் படியிறக்கி, குழாய்களுக்கு நடுவே நடத்திக்கொண்டு போனான். அதன் மூக்கில் இருந்த சென்சார் காற்றை மோந்தது. சுத்தம். கேமராவை உயர்த்தினான்.

கம்பத்தின் விளக்கு மூடியில் ஒரு கூடு. கயிற்றுத் துண்டு, பிளாஸ்டிக் வார், கடற்பாசி. அதன் ஓரம் சரிந்து கதிரின் குறுக்கே தொங்கியது. கூட்டுக்குள் முட்டைகள் தெரிந்தன.

“ஹாரன் அடிக்கட்டுமா அண்ணே? பறந்துடும்.”

“பறவை பறக்கும். கூடு பறக்குமா?”

யோசித்தார். பிறகு நடைமுறைப்படி செய்தார். நாயை அந்தக் கம்பத்தடியிலேயே நிறுத்தி, அதன் மூக்கை அந்தக் கதிருக்குப் பதில் காவலாக வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கதிரைக் கணக்கிலிருந்து விலக்கலாம். விலக்குவதற்கு முன் சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் சொல்ல வேண்டும். பாதுகாப்பு அதிகாரியிடம் சொன்னார். அனுமதி கிடைத்தது. கரையில் வாயுவை வாங்கும் நிலையத்திடம் சொன்னார். அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த சரக்குப் படகிடம் சொன்னார். மாலை ஷிஃப்டுக்கு வரப்போகிறவனைத் தூக்கத்திலிருந்து எழுப்பிச் சொன்னார். அவன், “பறவைக்காகவா எழுப்பினீங்க?” என்று கேட்டான்.

“நீ வர்றப்ப தெரிஞ்சிருக்கணும். சொல்லாம எதையும் நிறுத்தக் கூடாது.”

கதிரை விலக்கினார். அலாரம் அடங்கியது. நாய் கம்பத்தடியில் அசையாமல் நின்றது. பறவை திரும்பி வந்து அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுக் கூட்டில் அமர்ந்தது.

மேசை மேலிருந்த போன் அடித்தது. ரேடியோ எடுத்தான்.

“கன்ட்ரோல் ரூம்.” உடனே நிமிர்ந்து உட்கார்ந்தான். “அண்ணி! சொல்லுங்க அண்ணி. இருக்காரு. ஒரு பறவைக்குப் பிரசவம் பார்த்துட்டு உட்கார்ந்திருக்காரு.” பிறகு போனைப் பொத்திக்கொண்டு நீட்டினான். “அண்ணே, வீட்டு அலாரம். அழுத்தம் ஏறிக்கிட்டிருக்கு.”

ஆபரேட்டர் வாங்கினார்.

“பின்ரூம்ல கரண்ட் இல்ல” என்றாள் மனைவி. “பெட்டியத் திறந்தா உங்க படம் தொங்குது.”

“ஆமா. நான்தான்…”

“அதான் படம் இருக்கே. சாவி எங்க?”

அவர் கை சட்டைப் பைக்குப் போனது. “எங்கிட்ட.”

“எப்ப நிறுத்தினீங்க?”

“கிளம்பறப்போ. ஏன்?”

“ரெண்டு செட்டு தொட்டியில வெந்துக்கிட்டு இருந்தது. ராத்திரி முழுக்க ஒரே சூட்டுல இருக்கணும். கடைசியில கொதிக்க விடணும். அந்தக் கடைசிதான் முக்கியம். இப்ப கையை விட்டா வெதுவெதுன்னு இருக்கு.”

“தொட்டி ஓடிக்கிட்டு இருந்ததா? சத்தமே வரலையே.”

“பல்லு வேகறதுக்கு ஹாரன் அடிக்குமா?”

“இப்ப மறுபடியும் கொதிக்க வெச்சா?”

“வெளியில பளபளன்னு இருக்கும். உள்ள வெந்ததா வேகலையான்னு யாருக்குத் தெரியும்? வாய்க்குள்ள போற பொருள். வேகலேன்னா ஈறு வெந்துடும்.” மூச்சு வாங்கினாள். “ஒண்ணு ஒரு டீச்சரோடது. மூணு வாரமா வாயில கையை வெச்சுக்கிட்டுப் பாடம் எடுக்கறாங்க. இன்னைக்குத் தர்றேன்னு சொல்லியிருந்தேன். இனி அச்சை உடைச்சு முதல்லேருந்து செய்யணும். அதுக்காவது கரண்ட் வேணும். பூட்டை வெட்டட்டுமா?”

“கூடாது” என்றார். அவரே எதிர்பார்க்காத வேகத்தில் வந்தது. “பூட்டினவன்தான் திறக்கணும். அது…”

“அது?”

“ரூல்.”

ரேடியோ திரையில் எதையோ மிகக் கவனமாகப் படிக்கத் தொடங்கினான்.

“சரி” என்றாள் மனைவி. குரல் உயரவில்லை. உயராத குரலுக்குத்தான் அவர் பயப்படுவார். “அங்க ஒருத்தன் பூட்டிட்டு, சாவியோட ஹெலிகாப்டர் ஏறிட்டா என்ன பண்ணுவீங்க? எல்லாரும் சுத்தி உட்கார்ந்து அழுவீங்களா?”

“இல்ல. அதுக்கு வழி இருக்கு. சீஃப் அவனுக்குப் போன் பண்ணுவாரு. ஏன் பூட்டினே, உள்ள யாராவது இருக்காங்களான்னு கேப்பாரு. தானே போய்ப் பார்ப்பாரு. சரின்னு பட்டா தன் கையால வெட்டுவாரு. வேற யாரும் வெட்டக் கூடாது.”

“சீஃப்னா யாரு?”

“அந்த இடத்துக்குப் பொறுப்பு அவரு. கம்பெனி முதலாளியே வந்தாலும் அவரக் கேட்டுத்தான் எதையும் தொடணும்.”

“சரி. இங்க சீஃப் யாரு?”

ஆபரேட்டர் திரையைப் பார்த்தார். பெஞ்சு காலியாக இருந்தது. காற்றில் ஓர் இறகு உருண்டு போயிற்று. அந்த வீட்டில் கேஸ் தீர்ந்த நாட்கள், கூரை ஒழுகிய நாட்கள், மகளுக்குக் காய்ச்சல் கண்ட நாட்கள். ஒன்றுகூட அவருக்கு நினைவு வரவில்லை. அந்த நாட்களில் அவர் அங்கே இருந்ததில்லை.

“நீதான்” என்றார்.

“கேக்கல.”

“நீதான்.”

ரேடியோவின் நாற்காலி கிறீச்சென்றது.

“அப்ப கேக்கறேன். ஏன் பூட்டினீங்க?”

“பாலிஷ் மோட்டார்ல ஷாக் அடிக்குது. எர்த் விட்டுப்போயிருக்கு.”

“தெரியும். அதான் கீழ ரப்பர் மேட் போட்டிருக்கேன். உங்ககிட்டயும் ஒரு தடவை சொன்னேன். ஹெலிகாப்டருக்கு நேரமாச்சு, அடுத்த தடவை பார்க்கறேன்னீங்க. நானும் எந்தத் தடவைன்னு கேக்கல.”

ஆபரேட்டர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“உள்ள யாராவது வேலை பார்க்கறாங்களா?”

“இல்ல.”

“அந்த மோட்டார் பிளக்க மட்டும் பிடுங்கினா போதுமா? இல்ல முழு ரூமையும் பூட்டணுமா?”

போதும். பிளக்கைப் பிடுங்கி அதன் முனையில் பூட்டுப் போட்டிருந்தாலே போதும். மேடையில் அப்படித்தான் செய்திருப்பார். அங்கே என்ன எங்கே ஓடுகிறது என்று அவருக்குத் தெரியும். இங்கே தெரியவில்லை. அதனால் மொத்தத்தையும் நிறுத்திவிட்டார்.

“பிளக்கே போதும்.”

“இருங்க.”

காலடிச் சத்தம் போயிற்று. வந்தது. பிறகு சின்னதாக ‘டக்’ என்று கேட்டது. பூட்டின் வளையம் நைலான். அவளிடம் பிளாஸ்டர் வெட்டும் கத்தரி இருந்தது.

“பிளக்கப் பிடுங்கியாச்சு, பூட்டை வெட்டியாச்சு. வெட்டின பூட்டை என்ன பண்ணுவாங்க அங்க?”

“ஆள் திரும்பி வர்றப்ப சீஃப் அவன் கையில குடுப்பாரு.”

“குடுத்துட்டு?”

“நல்லா நாலு வார்த்தை குடுப்பாரு.”

“வாங்க. ரெண்டும் இருக்கு.”

போனை வைத்தாள்.

ரேடியோ வெகுநேரம் பேசாமல் இருந்தான். அவனுக்கு அது எளிதல்ல. கடைசியில், “அண்ணே, படகுக்காரனுக்குக்கூடச் சொன்னீங்க” என்றான்.

“தெரியும்ப்பா.”

“பறவைக்கு மட்டும்தான் சொல்லல.”

“வேலையைப் பாரு.”

பகல் மெதுவாகப் போயிற்று. கம்ப்ரஸர் சீராக ஓடியது. ஆபரேட்டர் அவ்வப்போது கூட்டைப் பார்த்தார். அடுத்த மெயின்டனன்ஸுக்கு ஆட்கள் போவார்கள். தங்கள் பெஞ்சு, தங்கள் படி, தங்கள் தளம் என்று நினைத்துக்கொண்டு இறங்குவார்கள். தலைக்கு மேல் வட்டமடித்து அந்தப் பறவைகள் கத்தப்போகும் கத்தலை அவரால் இங்கிருந்தே கேட்க முடிந்தது. ஆட்கள் அதிர்ந்துபோவார்கள். கோபப்படுவார்கள். வெள்ளைத் தொப்பி போட்டிருப்பவர்களுக்குத்தான் அந்தக் கோபம் வரும்.

மாலையில் மேடம் கூப்பிட்டார். “என்ன சார், கப்பலுக்கு உங்க பேரை எழுதிடலாமா?”

சரி என்று சொல்ல வாயைத் திறந்தார்.

“வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன் மேடம்.”

“என்ன சார் சொன்னீங்க?”

“வீட்ல கேக்கணும்.”

“இத்தனை வருஷம் இந்த சீட்ல இருக்கேன். போறேன்னு சொன்னவங்க உண்டு, போகலேன்னு சொன்னவங்க உண்டு. கேட்டுட்டுச் சொல்றேன்னு ஒருத்தரும் சொன்னதில்ல.” சிரித்தார். “இன்னும் கொஞ்ச நேரம் ஆபீஸ்லதான் இருப்பேன். உங்க வீட்டு நம்பருக்குக் கூப்பிடறேன். அதுக்குள்ள கேட்டு வைங்க.”

கிளம்பும்போது அலமாரியைத் திறந்து ஒரு பச்சைத் தொப்பியை எடுத்துத் தூசி தட்டினார்.

“அண்ணே, அது புது ஆளுங்களுக்கு.”

“தெரியும்.”

ரேடியோ அவரைப் பார்த்தான். பிறகு தொப்பியைப் பார்த்தான். “சைஸ் சரியா இருக்கான்னு போட்டுப் பார்த்துக்குங்க” என்றான்.

கதவைத் திறந்த மகள் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். “அம்மா, அப்பா ஹெல்மெட்டோட வந்திருக்காரு. பைக் ஏதாவது வாங்கிட்டாரா கேளுங்க.”

மனைவி பின்னறையில் இருந்தாள். மேசை மேல் உடைத்த அச்சின் பிளாஸ்டர் துண்டுகள். பக்கத்தில் புது மெழுகு. ஒவ்வொரு பல்லாக எடுத்துப் பதித்துக்கொண்டிருந்தாள். வெட்டுப்பட்ட சிவப்புப் பூட்டு ஓரமாக இருந்தது. அவர் வாசலிலேயே நின்றார்.

அவள் நிமிர்ந்து தொப்பியைப் பார்த்தாள். “தலையில என்ன?”

“புதுசா வர்றவங்க போடறது. அந்த இடம் பழகற வரைக்கும்.”

“அந்த இடம்னா?”

“இந்த இடம்.”

அவள் கையிலிருந்த பல்லை மெழுகில் அழுத்தினாள். சிரிப்பு வரவில்லை. வராமல் பார்த்துக்கொண்டாள். பூட்டை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார்.

“நாலு வார்த்தையும் உண்டுன்னே” என்றார்.

“ஏன் என்னை எழுப்பல?”

“தூங்கிட்டு இருந்தே. பாவம்னு…”

“பாவம்னு நினைச்சா எழுப்பணும். எழுப்பாம நிறுத்தறதுக்குப் பேரு பாவம் இல்ல.”

அவர் தலையசைத்தார். தொப்பி சற்று முன்னால் சரிந்தது. சரிசெய்துகொண்டார். பிறகு கப்பலைப் பற்றிச் சொன்னார். ஒரு மாதம் அங்கே, ஒரு மாதம் இங்கே என்று சொன்னார். இன்னும் கொஞ்ச நேரத்தில் போன் வரும் என்றார்.

“எத்தனை நாளா இது?”

“நாலஞ்சு நாள்.”

“போகணுமா உங்களுக்கு?”

“நீ உங்க அக்காகிட்டப் பேசினதைக் கேட்டேன். மாடிப்படியில இருந்தேன்.”

அவள் கை நின்றது. மறுப்பாள் என்று அவர் எதிர்பார்த்தார். ஏதோ விளையாட்டுக்குச் சொன்னேன் என்பாள். அப்படிச் சொன்னால், அவளுக்காகவே போகிறேன் என்று நினைத்துக்கொண்டு கிளம்பிப் போவது எளிது என்று அந்தக் கணத்தில் தோன்றியது.

“ஆமா, சொன்னேன்” என்றாள். “நிஜம்தான். மூச்சு முட்டுது. அதுக்காகப் போங்கன்னு சொன்னேனா?”

“இல்ல.”

“போகணும்னா போங்க. என்னைக் காரணமா காட்டிட்டுப் போகாதீங்க. நான் கேக்கறது வேற. உங்களுக்குப் போகணுமா?”

ஆபரேட்டர் யோசித்தார். கப்பலின் கன்ட்ரோல் ரூமை மனதில் கொண்டுவந்து பார்த்தார். அதில் எங்கே உட்கார வேண்டும் என்று தெரிந்தது. யாரோடு என்ன பேச வேண்டும் என்று தெரிந்தது.

“அங்க எனக்கு எல்லாம் தெரியும். இங்க ஒண்ணுமே தெரியல.”

“அது போகணும்ங்கறது ஆகாதே.”

“ஆகாது.”

அவள் எழுந்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். “வாங்க” என்றாள். அவர் முதல் முறையாக அனுமதியோடு உள்ளே வந்தார்.

“இது தொட்டி. இந்தச் சிவப்பு விளக்கு எரிஞ்சா வெந்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். அணைக்கக் கூடாது. ஃப்ரிட்ஜ்ல மேல் தட்டு பல்லுக்குக் கலக்கற மருந்து. குடிக்கத் தேடாதீங்க. இந்த மேசைல எது எப்படிக் கிடந்தாலும் அது அப்படித்தான். அடுக்கக் கூடாது. அ ஆ இ ஈ எல்லாம் சமையலறையோட போகட்டும். அதையும் நாளைக்குக் கழட்டிடுங்க.”

“சரி.”

“இந்தக் கதவு.” அவள் கதவைத் தொட்டாள். “இது சாத்தியிருந்தா நான் வீட்ல இல்ல. கடலுக்குப் போயிருக்கேன்னு நினைச்சுக்குங்க. தட்டக் கூடாது. எது எங்கே இருக்குன்னு கேக்கக் கூடாது. வர்றப்ப வருவேன். எனக்கு என்னோட ரெண்டு வாரம் வேணும். அதுக்காக நீங்க கப்பல் ஏற வேண்டாம்.”

“தீப்பிடிச்சா?”

“தீப்பிடிச்சா தட்டுங்க. அதான் ரூமுக்கு ஒண்ணு மாட்டியிருக்கீங்களே, அது கத்தும்.”

பிறகு மோட்டாரைக் காட்டினாள். “இதைப் பாருங்க. இதுதான் அந்த அடுத்த தடவை.”

அவர் கருவிப் பெட்டியை எடுத்து வந்தார். பிரேக்கரை அவள் இறக்கினாள். சைக்கிள் பூட்டு ஒன்றைக் கொண்டுவந்து பெட்டிக் கதவையே பூட்டினாள். சாவியைத் தன் கையில் வைத்துக்கொண்டாள். அவர் தரையில் உட்கார்ந்து மோட்டாரின் அடித்தகட்டைக் கழற்றினார். பச்சை எர்த் கம்பி திருகிலிருந்து நழுவி, துருப்பிடித்துக் கிடந்தது. முனையைச் சீவி, புது வளையம் போட்டு, திருகை முடுக்கிக்கொண்டிருந்தபோது கூடத்தில் போன் அடித்தது.

அவர் இரண்டு கையிலும் வேலை இருந்தது. நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

“நான் பேசட்டுமா?” என்றாள்.

“பேசு.”

அவள் போனாள். குரல் தெளிவாகக் கேட்டது. “ஆமா, அவர் வீடுதான். இருக்காரு. வேலையா இருக்காரு… கேட்டாரு, கேட்டாரு. இல்லைங்க, இப்ப அனுப்ப முடியாது. இங்கயே புதுசா சேர்ந்திருக்காரு, இன்னும் பழகல.” சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். “அது நாங்க பார்த்துச் சொல்றோம்… பரவாயில்லைங்க.”

ஆபரேட்டர் திருகை முழுவதும் முடுக்கினார். மீட்டரை வைத்துப் பார்த்தார். தொடர்பு சரியாக இருந்தது.

அவள் திரும்பி வந்து, “முடிஞ்சதா?” என்று கேட்டாள். சைக்கிள் பூட்டைத் திறந்தாள். பிரேக்கரை மேலே தள்ளினாள். மோட்டார் மேல் முதலில் அவர் விரலை வைத்தார். பிறகு அவள் வைத்தாள். சற்று நேரம் இரண்டு விரல்களும் அங்கேயே இருந்தன. எறும்பு ஊரவில்லை.

“வெளிய போங்க” என்றாள். “டீச்சருக்குப் பல்லு முளைக்கணும்.”

அவர் வெளியே வந்தார். பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்து எதையாவது செய்யலாம் என்று கால் சொன்னது. உட்கார்ந்தே இருந்தார்.

மாடியிலிருந்து இறங்கிவந்த மகள், சாத்திய கதவையும் தொப்பி போட்ட அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அம்மா எங்கப்பா?”

“கடலுக்குப் போயிருக்கா” என்றார் ஆபரேட்டர். “வருவா.”